பிள்ளைகளும் ஜில்லா அபிமானமும்

இங்கிலாந்து தேசத்தில் கவுண்டி என்று சொல்லப்படும் ஜில்லாக்களின் பேரால் கிரிக்கெட்டுப் பந்தாட்டம் ஆடுகின்ற முதல் தரக் கோஷ்டிகள் 18 இருக்கின்றன. அவைகளில் கிளமார்கன் என்னும் ஒன்று மாத்திரம் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்தது. யுத்த காலங்களும் 2020-ம் வருஷமும் நீங்கலாக, 1890-ம் வருஷம் முதல் இந்த ஜில்லாக்களுக்குள் சாம்பியன் பட்டத்துக்காக ஒழுங்கான போட்டி நடந்து வருகிறது. அந்நாட்டாரில் அநேகருக்குத் தங்கள் ஜில்லாக் கோஷ்டியின் மீது உள்ள அபிமானமானது, நம் நாட்டாருக்குக் குலதெய்வத்தின் மீது உள்ள பக்திக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. பாட்டன் எந்தக் கோஷ்டியோ தகப்பனும் அந்தக் கோஷ்டி, தகப்பன் எந்தக் கோஷ்டியோ பிள்ளையும் அந்தக் கோஷ்டி என்பது அங்கு பல குடும்பங்களில் எழுதாத சட்டமாக இருந்து வருகிறது.

இப்படியிருக்க, உத்தியோகத்தையோ வியாபாரத்தையோ உத்தேசித்துப் பெற்றோர் ஒரு ஜில்லாவை விட்டு வேறு ஜில்லாவுக்குக் குடிபோனால், அவர்களுடைய பிள்ளைகள் எந்தக் கோஷ்டியை ஆதரிப்பது என்கின்ற கேள்வி பிறக்கின்றது. யார்க்ஷயர் ஜில்லா லீட்ஸ் நகரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், இருநூறு மைலுக்கு அப்பால் உள்ள சாமர்செட் ஜில்லா டான்டன் நகரத்துக்கு மாற்றலாகிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பெண்ணுக்கு வயது ஏழு. பள்ளிக்கூடத்துத் தோழிகளெல்லாம் சாமர்செட். வீட்டில் தகப்பனார் யார்க்ஷயர். குழந்தை சாமர்செட்டுக்குக் கைதட்டினால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். யார்க்ஷயருக்குக் கைதட்டினால் பள்ளிக்கூடத்தில் பரிகாசம் செய்கிறார்கள். குழந்தை என்ன செய்வது?

"பந்தாட்டத்தில் யாருக்குக் கைதட்டினால் என்ன? இதுவும் ஒரு விஷயமென்று எழுத வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். பந்தைப் பற்றி நமக்கு அவ்வளவு கவலை இல்லை என்பது மெய்தான். ஆனால், ஒரு மனிதனுடைய பற்றுதலை நிர்ணயிப்பது எது? பிறந்த மண்ணா, பெற்ற தகப்பனா, குடியிருக்கும் தெருவா, அல்லது அவனவனுடைய சொந்த அறிவா? இந்தக் கேள்வியைத்தான் நாம் மதத்தைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் கேட்டு வருகின்றோம். விளையாட்டில் பழகுகிற பழக்கந்தான் பின்னால் வினையிலும் வருகிறது. ஆகவே ஒவ்வொருவருடைய பாத்தியதையையும் எடுத்து விசாரித்துப் பார்ப்போம்.

முதலாவது தகப்பனாருடைய பாத்தியதை. "எங்கள் யார்க்ஷயர் 32 தடவை தனித்துச் சாம்பியன் பட்டம் பெற்றது, சாமர்செட்டோ 1891-ல் போட்டியில் சேர்ந்து 2025 முடிய ஒரு தடவைகூட அந்தப் பட்டத்தைப் பெற்றதில்லை, இதை விட்டு அதற்குப் போவது புத்தியா?" என்று அவர் கேட்கலாம். கணக்கு சரியான கணக்குத்தான். ஆனால் நாம் அவரைக் கேட்கின்றோம்: ஐயா, தாங்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தானா யார்க்ஷயரைப் பிடித்தீர்கள்? தங்களுக்குக் கணக்கே தெரியாத வயதில், தங்கள் தகப்பனார் தொப்பியை மாட்டிவிட்டார், தாங்கள் யார்க்ஷயர் ஆனீர்கள். அவ்வளவுதானே? கண் திறவாத குழந்தைக்குப் பூணூலுக்கு நாள் பார்ப்பதும், ஞானஸ்நானம் செய்விப்பதும், நாமம் போடுவதா பட்டை அடிப்பதா என்று வீட்டார் முடிவு செய்வதும் எப்படியோ, அப்படித்தான் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குக் கோஷ்டிச் சட்டை மாட்டுவதும். வெற்றிதான் காரணம் என்றால் அதை யோசித்து முடிவு செய்யும் உரிமை குழந்தைக்கும் உண்டு. வெற்றி காரணம் இல்லையென்றால் அந்தக் கணக்கை எடுத்து வீசுவானேன்?

இரண்டாவது பிறந்த மண்ணின் பாத்தியதை. இதற்கு யார்க்ஷயரைவிட நல்ல திருஷ்டாந்தம் வேறு கிடைக்காது. யார்க்ஷயர் எல்லைக்குள் பிறந்தவன்தான் யார்க்ஷயருக்காக ஆடலாம் என்பதாக ஒரு கட்டுப்பாட்டை அந்தச் சங்கத்தார் வெகுகாலம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை ஒருகால் ஆட்டக்காரனாக வருவான் என்று, நிறைமாதக் கர்ப்பிணியை எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததாகக்கூட அங்கே கதைகள் சொல்லுவார்கள். நம் வருணாசிரமக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் இந்தக் கட்டுப்பாட்டின் யோக்கியதையைப் பாருங்கள். 1883 முதல் 1910 வரை அந்தக் கோஷ்டிக்குத் தலைவராக இருந்த ஹாக் பிரபு பிறந்தது யார்க்ஷயரில் அல்ல, லிங்கன்ஷயரில்! பிரபுவுக்கு ஒரு சாஸ்திரம், மற்றவனுக்கு ஒரு சாஸ்திரம் என்பது மனுவின் தேசத்தில் மாத்திரம் உள்ளதல்ல என்று இதனால் விளங்குகிறதா இல்லையா?

நிற்க, இன்னொரு சங்கதி. யார்க்ஷயரிலுள்ள பிராட்போர்டு முதலிய ஊர்களின் ஆலைகளுக்கு 1950-களிலும் 1960-களிலும் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் யார்க்ஷயர் மண்ணிலேயே பிறந்தார்கள். விதிப்படி அவர்கள் அசல் யார்க்ஷயர்க்காரர்கள். தெருவிலும் மைதானத்திலும் ஓயாமல் பந்தாடினார்கள். அப்படியிருந்தும் அந்தச் சமூகங்களில் பிரிட்டனிலேயே பிறந்த ஒருவர் யார்க்ஷயர் முதல் கோஷ்டியில் இடம்பெற 2004-ம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஹடர்ஸ்பீல்டில் பிறந்த அஜ்மல் ஷாஜாத் என்பவரே அவர். ஆகவே பிறப்பு, பிறப்பு என்று பேசியவர்கள் அந்தப் பிறப்பையாவது மதித்தார்களா? பிறப்பென்பது வேண்டாதவனை வெளியே நிறுத்த மாத்திரம் உதவிற்றே ஒழிய, உரியவனை உள்ளே அழைக்க உதவவில்லை. பிறவி பேசுகிறவர்களின் வழக்கம் எங்கும் இதுதான்.

அந்தப் பழைய கட்டுப்பாடு 1990-களின் தொடக்கத்தில் தளர்ந்தது. 1992-ல் பம்பாயில் பிறந்த டெண்டுல்கர், வெளிதேசத்திலிருந்து அழைக்கப்பட்ட முதல் ஆட்டக்காரராக யார்க்ஷயருக்கு ஆடினார். மான்செஸ்டர் பக்கத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் ஷெபீல்டுக்குக் குடிவந்த மைக்கேல் வான் 1993-ல் அதே கோஷ்டிக்கு ஆட வந்து, பின்னால் இங்கிலாந்துக்கே தலைவரானார். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

மூன்றாவது குடியிருக்கும் ஊரின் பாத்தியதை. "எந்த ஊரில் சாப்பிடுகிறாயோ அந்த ஊருக்குக் கைதட்டு" என்பது ஒரு கட்சி. இதிலாவது நியாயம் உண்டா என்றால், ஆட்டக்காரர்களுக்கே 1873-ல் செய்த விதியைப் பாருங்கள். பிறந்தது ஒரு ஜில்லா, வசிப்பது ஒரு ஜில்லா என்றால், ஒவ்வொரு பருவத் துவக்கத்திலும் இரண்டில் எது வேண்டுமோ அதை அவனே தெரிந்தெடுத்துக்கொள்ளலாம் என்று அப்போதே ஏற்பாடு செய்தார்கள். கூலி வாங்கி ஆடுகிறவனுக்கே அந்தச் சுதந்திரம் இருந்ததென்றால், காசு கொடுத்துப் பார்க்கிறவனுக்கு இல்லாமற் போவதெப்படி? மேலும், ஜில்லா என்பது என்ன, கடவுள் கிழித்த கோடா? மிடில்செக்ஸ் என்னும் ஜில்லா 1965-ல் சர்க்கார் நிர்வாகத்திலிருந்தே எடுபட்டுப்போய்விட்டது. கோஷ்டி மாத்திரம் அந்தப் பேரிலேயே இன்றும் ஆடுகிறது. ஜில்லாவே இல்லாத ஜில்லாவுக்கும் ஜனங்கள் கைதட்டுகிறார்கள். மனிதன் போட்ட கோட்டை மனிதன் அழிக்கிறான். அதற்குள் குழந்தையின் மனதை ஏன் பூட்ட வேண்டும்?

இதுவரை வீட்டுச் சண்டை. இனி நாட்டுச் சண்டையைப் பார்ப்போம். லீட்ஸ்காரர் டான்டனில் உட்கார்ந்துகொண்டு நாற்பது வருஷம் யார்க்ஷயருக்கே கைதட்டினால், "ஆஹா, என்ன ஊர்ப் பற்று!" என்று அயலார் மெச்சுகிறார்கள். அதே மனிதர் கடல் கடந்து வந்தவராக இருந்தால் என்ன நடக்கிறது? 1990-ம் வருஷத்தில், முன்னாள் மந்திரியும் கன்சர்வேடிவ் கட்சிப் பார்லிமெண்டு அங்கத்தினருமான நார்மன் டெபிட் என்பவர் ஒரு பரீட்சையைக் கிளப்பினார். ஆசியாவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்தத் தேசத்துக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். பழைய தேசத்துக்குத் தட்டினால் இன்னும் இந்த நாட்டோடு ஒட்டவில்லை என்று அர்த்தமாம். நாம் கேட்பது இதுதான்: வெள்ளைக்காரத் தகப்பன் தன் பழைய ஜில்லாவை மறவாதது விசுவாசம், கறுத்த தகப்பன் தன் பழைய நாட்டை மறவாதது துரோகமா? செய்கை ஒன்றாயிருக்கத் தீர்ப்பு இரண்டாக இருந்தால், வித்தியாசம் செய்கையில் இல்லை, தோலில் இருக்கிறது என்பதுதானே பொருள்? வரி கொடுக்கிறானா, சட்டத்துக்கு அடங்குகிறானா, அண்டை வீட்டானோடு யோக்கியமாக நடக்கிறானா என்பதே குடிமகனுக்குப் பரீட்சை. அவன் கைதட்டைக் கணக்கெடுக்க எந்த மந்திரிக்கும் பாத்தியதை இல்லை.

சரி, கேட்டபடியே ஒட்டினவனுக்காவது மரியாதை கிடைத்ததா? கராச்சியில் பிறந்து, பத்து வயதில் பெற்றோருடன் யார்க்ஷயர் பார்ன்ஸ்லிக்கு வந்த ஆசீம் ரபீக் என்பவர், கைதட்டியது மாத்திரமல்ல, யார்க்ஷயருக்காகவே ஆடினார். 2012-ல் தலைமையும் வகித்தார். அப்படிப்பட்டவர், தம்மை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று 2021 நவம்பரில் பார்லிமெண்டுக் கமிட்டி முன்பாகக் கண்ணீர் விட்டுச் சாட்சி சொன்னார். 2023-ல் அந்தச் சங்கம் குற்றங்களை ஒப்புக்கொண்டு, 4 லட்சம் பவுன் அபராதமும் (அதில் 3 லட்சம் நிறுத்தி வைக்கப்பட்டது) சாம்பியன் போட்டியில் 48 புள்ளி இழப்பும் அடைந்தது. ஊர் மாறிய பிள்ளையைப் பார்த்து, "நீ எங்களுக்கு விசுவாசமாக இருக்கிறாயா?" என்று கேட்பதற்கு முன், "நாங்கள் உன்னை மனிதனாக நடத்துகிறோமா?" என்று அந்த ஊரே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

நம்மவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஜில்லாவின் பேரால் ஆடினார்கள் என்றால், பம்பாயில் மதத்தின் பேரால் ஆடினார்கள். ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்றும், 1937 முதல் இவர்களில் சேராதவர்களை "மற்றவர்கள்" என்றும் பிரித்து, 1946 வரையில் அந்தப் போட்டியை நடத்தினார்கள். அங்கே பிள்ளை ஊர் மாறினாலும் கோஷ்டி மாற வழியில்லை. அந்த இந்து கோஷ்டிக்குப் பந்து போட்ட பல்வங்கர் பாலு என்பவர், தீண்டாதவர் என்று சொல்லப்பட்ட வகுப்பில் பிறந்தவர். 1911-ல் இங்கிலாந்துக்குப் போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். அப்பேர்ப்பட்டவருக்குப் பூனாவில் தேநீரைத் தனியே வெளியில் மண் குவளையில் கொடுத்தார்கள். அவர் போடும் பந்தைத் தொடலாம், அவர் குடித்த கிண்ணத்தைத் தொடலாகாது! கடைசிவரை அவருக்குத் தலைமைப் பதவி கொடுக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923-ல்தான் அது கிடைத்தது. "நம்மவன்" என்று கைதட்டச் சொல்லுகிற கோஷ்டி, தன் ஆட்டக்காரனையே நம்மவனாக நினைக்கவில்லை என்றால் அந்தக் கைதட்டுக்கு என்ன மதிப்பு?

இதற்கு ஓர் ஆக்ஷேபணை உண்டு. "பழைய ஊரை விட்டு வந்த தகப்பனுக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கோஷ்டி ஒன்றுதான், பிள்ளையும் அதை விட்டுவிட்டால் அவன் தனியனாகிவிட மாட்டானா?" என்பார்கள். இதை நாம் லேசாகத் தள்ளவில்லை. பிறந்த ஊரின் நினைவு மனிதனுக்கு இயற்கை. தகப்பனார் தாராளமாகத் தம் பழைய கதைகளைப் பிள்ளைக்குச் சொல்லட்டும். லீவு நாளில் ஹெடிங்லி மைதானத்துக்கு அழைத்துப்போய்க் காட்டட்டும். அதாவது, பிரசாரம் செய்யட்டும். ஞானஸ்நானம் செய்விக்க வேண்டாம். கேட்டுப் பார்த்து அந்தப் பிள்ளையாகவே யார்க்ஷயர் என்றால் அதுவே தகப்பனாருக்குப் பெருமை. அப்படியல்லாமல் பயத்துக்காகத் தட்டுகிற கை, அவர் இல்லாத இடத்தில் தட்டாது. இரண்டுக்கும் தட்டுகிறேன் என்றாலும், ஒன்றும் வேண்டாம், படம் எழுதப் போகிறேன் என்றாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆகவே, பெற்றோர் ஊர் மாறினால் பிள்ளைகள் எந்த ஜில்லாவை ஆதரிக்க வேண்டும் என்பதற்கு நமது அபிப்பிராயம் இதுதான்: அந்தப் பிள்ளை எதை விரும்புகிறதோ அதை ஆதரிக்கட்டும். நாளைக்கு வேறொன்று நல்லதென்று பட்டால் மாற்றிக்கொள்ளட்டும். தகப்பனார் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ளாமல், "எனக்கு ஏன் இது பிடிக்கிறது?" என்று பந்தாட்டத்தில் ஒரு தடவை கேட்டுப் பழகிய குழந்தை, பெரியவனானதும் கோவிலைப் பற்றியும், ஜாதியைப் பற்றியும், யாரைக் கலியாணம் செய்துகொள்வது என்பதைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கும். பெற்றோர்கள் பயப்படுவதும் அதற்காகத்தான். நாம் விரும்புவதும் அதற்காகத்தான்.