தண்ணீருக்கு எத்தனை சதவீதம் பங்கு?

வங்கியில் கடன் விண்ணப்பம் பார்த்துப் பார்த்தே ரிட்டயர் ஆனவன் நான். அந்தப் பழக்கம் இன்னும் போகலை. புதுத் தொழிற்சாலை என்று பேப்பரில் போட்டால், யார் எவ்வளவு முதல் போடுகிறார்கள் என்றுதான் கண் முதலில் தேடும்.

குஜராத் சனந்தில் நம்ம நாட்டு சிஜி பவர், ஜப்பானின் ரெனசாஸ், தாய்லாந்தின் ஸ்டார்ஸ் மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் மூவரும் கூட்டாக ரூ.7,600 கோடியில் சிப் ஆலை போடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. பங்கு 92.3, 6.8, 0.9 சதவீதம். தனியாக ஆலை கட்டினால் செலவு தாங்காது. கூட்டு சேர்ந்தால் பாரம் குறையும், உற்பத்தி கூடும். மத்திய அரசின் திட்டமே செலவில் பாதியைத் தருகிறது. கணக்கு சுத்தம். நானே அந்த சீட்டில் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் தண்ணீர் யார் கணக்கில்? சனந்தில் நடப்பது சிப்பைப் பொதிந்து சோதிக்கிற வேலை. சிப்பையே உருவாக்குகிற ஆலை என்றால் கதை வேறு. சிலிக்கான் தகட்டை ஒவ்வொரு கட்டத்திலும் மிகமிகச் சுத்தமான நீரில் அலச வேண்டும். 2021 வறட்சியில் தைவான் அரசு 70,000 ஹெக்டேருக்கு மேல் நெல் பாசனத்தை நிறுத்தியது. உழவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள், வாஸ்தவம். சிப் ஆலைகள் நிற்கவில்லை.

ஜப்பானின் குமாமோட்டோவில் இன்னொரு வழி இருக்கிறது. அங்கே தைவானின் டிஎஸ்எம்சி, சோனி, டென்சோ, டொயோட்டா சேர்ந்த கூட்டு ஆலை 2024-ல் திறந்தார்கள். அந்த நகரம் குடிப்பதே நிலத்தடி நீர்தான். அதே வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கும் சோனியின் சிப் ஆலை, 2003-லிருந்தே உள்ளூர் உழவர்களோடு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. பயிர் இல்லாத மாதங்களில் வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தி பூமிக்குள் இறக்கினால், அதற்குப் பணம்! விளைச்சலுக்கு இல்லை, நீரை இறக்கியதற்கு.

பக்கத்து வயல்காரரிடம் இதைச் சொன்னேன். "அதைத்தானே சார் நாம சும்மா பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்றார். நம் மண் குமாமோட்டோ எரிமலை மண் மாதிரி குடிக்காதுதான். ஆனாலும் மதுராந்தகம் ஏரி நிறைந்த வருஷத்தில் ஆயக்கட்டுக் கிணறுகள் எப்படி இருக்கும், வறண்ட வருஷத்தில் எப்படி இருக்கும் என்று நமக்கா தெரியாது? ரசாயனம் போடாத வயலில் இறங்குகிற நீர் கூடுதல் சுத்தம் என்பதையும் விலையில் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் ரூ.500 கோடிக்கு செமிகண்டக்டர் இயக்கம் அறிவித்திருக்கிறது. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் நமக்கு பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். ஆலை வரட்டும், நம்ம பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான். ஒப்பந்தம் போடும்போதே எந்த ஏரி, எந்த ஆழ்துளைக் கிணறு, நாளுக்கு எத்தனை லிட்டர், கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்ப எடுப்பது எவ்வளவு, நீரை இறக்குகிற உழவனுக்கு ஏக்கருக்கு என்ன என்று எழுதிவிட வேண்டும். கடன் கொடுத்த பிறகு ஜாமீன் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். உங்கள் ஊரிலும் வையுங்கள்.