நெஞ்செரிச்சலும் ஒரு லிஸ்ட்டும்

எழுதி ரொம்ப நாளாச்சு. இயர் எண்டிங், ஆடிட், ஊருக்கு ஒரு நடை... வழக்கமான சாக்குகள் எல்லாம் கைவசம் இருக்கின்றன. உண்மையான காரணம் வேறு. ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்றே ஓடிவிட்டது. என் மகளிடம் படித்துக் காட்டி, அவள் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தி, "சரிப்பா, போடுங்க" என்ற பிறகுதான் இதைப் போடுகிறேன்.

முதலில் என் புராணம். இருபது வருஷமாக நான் கேஸ் ட்ரபிள் ஆசாமி. பிராஞ்சில் என் டிராயரைத் திறந்தால் ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் ஜெலுசில் இருக்கும். உல்லாஸ்நகரிலிருந்து சி.எஸ்.டி.க்கு லோக்கலில் ஒன்றரை மணி நேரம், திரும்பி வர அதே அளவு. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு பத்தே காலுக்குப் படுத்தால் எதுக்களிக்காமல் என்ன செய்யும்? அதனால் காலேஜில் படிக்கும் மகள் ஒரு நாள் "நெஞ்சு எரியுதுப்பா" என்றபோது எனக்குக் கவலையே வரவில்லை. ஜெலுசிலை ஊற்றிக் கொடுத்து, "இது நம்ம பரம்பரைச் சொத்தும்மா, உனக்கும் எழுதி வச்சுட்டேன்" என்று ஜோக் அடித்தேன். வீடே சிரித்தது. அந்த ஜோக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அடுத்த எட்டு மாசம் ஜெலுசில், டைஜீன், ஈனோ என்று போனது. ஊரிலிருந்து ஆச்சி போனில் சுக்கு, ஓமம், சீரகத் தண்ணி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உண்மையைக் கண்டுபிடித்தது நாங்கள் யாரும் இல்லை, பக்கத்து வீட்டு சிந்தி ஆன்ட்டி. (உல்லாஸ்நகரைத் தெரியாதவர்களுக்கு: பிரிவினையில் வந்த சிந்திக்காரர்களை ராணுவ முகாமில் குடிவைத்து உண்டான ஊர் இது. இன்றும் விலாசம் கேம்ப் நம்பரில்தான்.) இரண்டு வீட்டு பாத்ரூமுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தினமும் குழாய் அவ்வளவு நேரம் ஏன் ஓடுகிறது என்று என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார். வாந்திச் சத்தம் கேட்காமல் இருக்கத்தான் குழாய்.

வியாதியின் பெயர் புலிமியா. பகல் முழுக்க வயிற்றைக் காயப்போடுவது, பிறகு அடக்க முடியாமல் நிறையச் சாப்பிடுவது, அந்தக் குற்ற உணர்ச்சியில் வாந்தி எடுப்பது, மறுநாள் மறுபடி பட்டினி. "இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு, வெள்ளைக்காரங்களுக்கு வர்றது" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1990களிலேயே சென்னையில் மருத்துவ மாணவர்கள் 210 பேரிடம் ஆய்வு செய்து, சாப்பாட்டோடு இப்படிப் போராடுகிறவர்கள் நம் பிள்ளைகளிலும் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். 1995ல் டெல்லி டாக்டர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பு, ஓயாத வாந்தி, எடை குறைவு எல்லாம் இருந்தது. ஆனால் வெளிநாட்டுப் புத்தகங்களில் பெரிதாகச் சொல்லும் "நான் குண்டாக இருக்கிறேன்" என்ற எண்ணம் அவர்களிடம் தெரியவில்லையாம். இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நம் வீட்டில் இந்த வியாதி வயிற்றுக் கோளாறு வேஷம் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறது. அசிடிட்டி என்பது நமக்கு ரொம்ப மரியாதையான வியாதி. கல்யாண வீட்டில் சொல்லலாம், ஆபீஸில் லீவு லெட்டரில் எழுதலாம், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். காலேஜில் அட்டெண்டன்ஸ் குறைந்தபோது "கேஸ்ட்ரைட்டிஸ்" என்று சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தவன் நானே.

சிகிச்சை ஆரம்பித்து வாந்தி நின்றது. நெஞ்செரிச்சலும் நிற்கும் என்று எதிர்பார்த்தோம். அது கூடியது! இது பலருக்குத் தெரியாத விஷயம் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவில் வால்வு மாதிரி ஒரு தசை இருக்கிறது. அமிலம் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். அடிக்கடி வாந்தி எடுத்தால் அமிலம் மேலே வந்து வந்து குழாயின் உள்பக்கம் புண்ணாகிவிடும். அதோடு, ரொம்ப நாள் பட்டினி கிடந்த இரைப்பை சோம்பேறியாகிவிடும், சாப்பிட்டது மெதுவாகத்தான் கீழே இறங்கும். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு கல் மாதிரி ஆகி, உப்பி, எரியும். வேளா வேளைக்குச் சாப்பிட்டால் சில வாரங்களில் இது பெரும்பாலும் சரியாகும். ஆனால் அந்தச் சில வாரங்களில் பிள்ளைக்குத் தோன்றுவது என்ன? "சாப்பிட்டாத்தான் எரியுது, சாப்பிடலைன்னா எரியலை." வியாதிக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்குமா?

இந்தச் சமயத்தில்தான் வயிற்று டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் நல்ல மனுஷர், ஐந்து நிமிஷம் பார்த்தார், அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். காரம், புளி, தக்காளி, காபி, எண்ணெய், தேங்காய், சாக்லேட் எல்லாம் கூடாது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஒன்றும் கூடாது. கடைசி வரி, "எடையைக் குறைக்கவும்". எல்லாருக்கும் கொடுக்கும் தாள் அது. நான் அதை பயபக்தியோடு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். அதைப் படித்தபோது என் மகள் முகத்தில் வந்ததை என் மனைவிதான் கவனித்தாள். சந்தோஷம்! மாசக்கணக்கில் பார்க்காத சந்தோஷம். ஒரு வாரத்தில் அவள் சாப்பாடு இட்லி, மோர் சாதம், வெள்ளரிக்காய் என்று சுருங்கியது. ஏன் என்று கேட்டால் "டாக்டர்தானே சொன்னார்?" என்று ஃப்ரிட்ஜைக் காட்டினாள். திருநெல்வேலி வீட்டில் புளியையும் தேங்காயையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும், நீங்களே சொல்லுங்கள். பட்டினிக்கு லெட்டர்பேடில் சாங்ஷன் ஆர்டர் வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

டயட்டீஷியன் அம்மா அந்தத் தாளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னதைத்தான் நான் இங்கே கத்திச் சொல்ல விரும்புகிறேன். சாப்பாட்டுச் சிக்கலிலிருந்து மீண்டு வருகிற பிள்ளைக்கு, எரிச்சலுக்காக ஒரு பதார்த்தத்தைக்கூட வீட்டில் இருப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. ஏதாவது ஒன்று நிஜமாகவே ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதன் இடத்தில் அதே அளவு வேறொன்று தட்டில் வர வேண்டும். எடையைக் குறைக்கச் சொல்லும் வரி இவர்களுக்கானதே அல்ல.

நான் வரவு செலவு பார்க்கிற ஆள், சும்மா நம்ப மாட்டேன். தேடிப் பார்த்தேன். அசிடிட்டிக்குச் சொல்லும் பழக்க மாற்றங்களை எல்லாம் சேர்த்து அலசி 2006ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அதில் தேறியவை இரண்டுதான். பருமனாக இருப்பவர்கள் எடை குறைப்பது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது. காபி, காரம், சாக்லேட் என்று ஒவ்வொன்றாக நிறுத்துவதற்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. இதற்காகக் காரமே எரியாது என்று நான் வாதாட வரவில்லை, சிலருக்கு எரியும். எங்கள் கேஸில் லாபம் எது, நஷ்டம் எது என்று கணக்குப் போட வேண்டும் என்கிறேன்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம். ஆறு முதல் எட்டு அங்குலம் உயரம் வேண்டும். தலையணையை அடுக்கினால் இடுப்புதான் மடங்கும், பிரயோஜனம் இல்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள், அப்படிப் படுத்தால் இரைப்பை கீழே இருக்கும். மூன்று பெரிய சாப்பாட்டை ஆறாகப் பிரித்தார்கள். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு, ஒன்பது மணிக்கு ஒரு பாலும் பழமும், படுப்பது பதினொன்றரைக்கு. நான் வரும்வரை காத்திருந்து எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடும் பழக்கம் போயிற்று, அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் வாழை இலை வாங்கி வந்து எல்லாரும் மத்தியானம் உட்காருகிறோம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் யாராவது அவளோடு இருப்போம், கேரம் ஆடுவோம். அவள் எப்போதும் ஜெயிப்பாள்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்தார். ஓமெப்ரசோல் வகையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். நான் இத்தனை வருஷமாகச் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டிருந்தேன்! மாசக்கணக்கில் போட்டுவிட்டு திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் இன்னும் வேகமாகத் திரும்பும், அதனால் நிறுத்துவதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஈனோ வேண்டவே வேண்டாம் என்றார்கள். வாந்தியால் பொட்டாசியம் குறைந்த உடம்பில் சோடா உப்பைக் கொட்டுவது ஆபத்து. எப்போதாவது வாந்தி வந்துவிட்டால் உடனே பல் தேய்க்கக் கூடாது, அமிலத்தில் இளகிய எனாமல் பிரஷ்ஷோடு போய்விடும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் தேய்க்கலாம். வாந்தியில் ரத்தம், கறுப்பாக மலம், விழுங்க முடியாமை, படபடப்பு, மயக்கம் இதில் எது வந்தாலும் நேராக ஆஸ்பத்திரி, ஜெலுசில் இல்லை.

பேங்க்காரன் என்பதால் ஒரு தகவல். 2017ம் வருஷ மனநலச் சட்டப்படி, உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும். 2018 ஆகஸ்டில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கையும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு "கேஸ்ட்ரைட்டிஸ்" என்று எழுதச் சொல்லாதீர்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாதவர்கள் 14416க்கு இலவசமாக போன் செய்யலாம், டெலி மனஸ் என்று 2022ல் அரசு ஆரம்பித்தது. தமிழிலும் பேசுவார்கள்.

மகளுக்கு இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. பரீட்சை சமயத்தில் ஒரு தடவை சறுக்கியது. ஆனால் அன்றைக்கு ராத்திரியே அவளாக வந்து அம்மாவிடம் சொன்னாள். போன வாரம் வத்தக்குழம்பு வைக்கச் சொன்னாள். எரியுமே என்று என் வாய் வரை வந்தது, மென்று முழுங்கிவிட்டேன். இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டாள், கொஞ்சம் எரிந்தது என்றும் சொன்னாள், பிறகு கேரம் போர்டை எடுத்து வந்தாள்.

பி.கு.: என் கட்டிலுக்கும் செங்கல் வைத்தாயிற்று. ராத்திரி சறுக்கிக்கொண்டே கால்மாட்டுக்குப் போய்விடுகிறேன் என்று வீட்டில் புகார். இதற்கு யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள் :-)