ஒரே விவசாயி, இரண்டு வட்டிகள்

ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தியது, குறைத்தது என்று செய்தி வரும்போதெல்லாம் வீட்டுக்கடன் வாங்கியவர்களைப் பற்றியே பேசுகிறோம். நம் பங்குகளில் நிலத்தை நம்பி வாழும் குடும்பங்களை அது எப்படித் தொடுகிறது என்று நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

ஒரே விவசாயியிடம் பல நேரங்களில் இரண்டுவிதக் கடன் இருக்கிறது. ஒன்று பயிர்க்கடன். உழவர் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டினால் மத்திய அரசின் ஊக்கத்தொகை போக 4 சதவீதம்தான். தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் கெடுவுக்குள் கட்டுபவருக்கு வட்டியே இல்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதமானபோதும் இந்த 7 சதவீதம் அசையவில்லை.

ஆனால் இங்கே ஆபத்து நாட்காட்டியில் இருக்கிறது. 3 லட்சத்துக்கு ஓராண்டு வட்டி 12,000 ரூபாய். கெடு தவறினால் அது 21,000க்குக் குறையாது. கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகள் காத்துக் கிடக்கலாம், கெடு காத்திருக்காது. அதனால்தான் கெடுவுக்கு முதல்நாள் வெளியே வட்டிக்கு வாங்கிக் கட்டி, புதுக்கடன் கைக்கு வந்ததும் அதை அடைக்கும் வழக்கம் ஊர்களில் இருக்கிறது. அந்த இடைப்பட்ட நாட்களின் வட்டி எந்த அரசுக் கணக்கிலும் வராது.

மற்றொன்று டிராக்டர், கிணறு, பால்மாடு ஆகியவற்றுக்கான பலவருடக் கடன். இதற்கு வட்டி மானியப் பாதுகாப்பு இல்லை. மாறும் வட்டியில் 9 சதவீதத்துக்கு 5 லட்சம் வாங்கி, ஆண்டுக்கு 1 லட்சம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு வட்டி 45,000. அசலில் 55,000 கழியும். ரெப்போ ஏறிய அந்த 2.5 சதவீதமும் அப்படியே இவர்மேல் இறங்கினால் வட்டி 57,500. அசலில் கழிவது 42,500 மட்டுமே. தவணைத்தொகை மாறாததால் எதுவும் நடக்கவில்லை என்று நினைக்கிறோம். கடன்தான் நீண்டிருக்கிறது.

2025இல் ரெப்போ 5.25 சதவீதமாக இறங்கியது. நிலையான வட்டியில் டிராக்டர் வாங்கியவருக்கு இதனால் லாபமில்லை. மாறும் வட்டிக்காரருக்கும் உடனே கிடைத்துவிடாது. 2019 அக்டோபரிலிருந்து புதிய வீட்டுக்கடனையும் சிறுதொழில் கடனையும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் வங்கிகள் இணைத்தாக வேண்டும். விவசாயக் கடனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வங்கி தன் சொந்த அளவுகோலை வைத்து ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை மாற்றினால் போதும். (ஏறும்போது மட்டும் தகவல் சீக்கிரம் வந்துசேர்வதாக நமக்குத் தோன்றுகிறது!)

நிலையான வட்டி தொடக்கத்தில் சற்று அதிகமாக இருக்கக்கூடும். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு விளைச்சலை மட்டும் நம்பும் குடும்பத்துக்கு அதுவே ஏற்றது என்று கருதுகிறோம். மாதந்தோறும் பால்பணம் வருகிறவர் மாறும் வட்டியைத் தாங்கலாம். எதுவானாலும், வட்டி எந்த மாதத்தில் மாறும், மாறினால் கூடுவது தவணையா காலமா, முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். டிராக்டர் வீட்டு வாசலுக்கு வந்தபின் இவற்றைக் கேட்டுப் பயனில்லை.