அச்சில் மட்டும் உள்ள நான்கு பார்கள்

மோட்சார்ட்டின் எஃப் மேஜர் சொனாட்டாவில் (கெ. 332) வரும் அடாஜியோவின் முதல் இருபது பார்கள் 21ஆம் பாரிலிருந்து மீண்டும் வருகின்றன. அவர் கைப்பட எழுதிய படியில் அவை பெரும்பாலும் முன்பிருந்த எளிமையோடே திரும்புகின்றன. 1784இல் வியன்னாவில் அர்த்தாரியா வெளியிட்ட முதற்பதிப்பிலோ அதே இடம் நுண்சுர ஓட்டங்களும் அலங்காரங்களுமாக நிறைந்திருக்கிறது. மாணவருக்கு எதைக் கொடுப்பது என்று வரும்போது நம்மில் பலர் தயங்காமல் கையெழுத்துப்படியின் பக்கமே சாய்கிறோம். அச்சு பிறர் கைபட்டது, ஆகவே ஒரு படி கீழானது என்பது நம் துறையில் ஏறக்குறைய ஆசாரமாகவே ஆகிவிட்டது. இந்தப் படைப்புக்கு அது பொருந்தாது.

அர்த்தாரியாவின் அந்த நூலில் கெ. 330, 331, 332 ஆகிய மூன்று சொனாட்டாக்களும் சேர்ந்தே வந்தன. கெ. 330இன் மெதுவான பகுதியை முடித்துவைக்கும் நான்கு பார்கள் கையெழுத்துப்படியில் இல்லை, அச்சில்தான் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு வாசிப்பவர் யார்? கையெழுத்துக்கும் அச்சுத் தகட்டுக்கும் நடுவே மோட்சார்ட் மறுபடி கைவைத்தார் என்று அங்கே ஒப்புக்கொள்பவர்கள், பக்கத்துச் சொனாட்டாவில் மட்டும் மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். 1784 ஜூனில் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், இந்த மூன்றையும் அர்த்தாரியாவிடம் கொடுத்திருப்பதாக அவரே சொல்கிறார். டி மேஜர் கான்செர்ட்டோவின் (கெ. 451) மெதுவான பகுதியில், தனிப் பியானோ வாசிக்கும் ஓரிடத்தில் ஏதோ குறைகிறது என்று தமக்கை சொன்னது சரிதான் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. தாளில் வெறுமையாக விட்ட இடத்தை வாசிப்பில் நிரப்புவது அவருக்கு இயல்பு. முகம் தெரியாதவர்கள் காசு கொடுத்து வாங்கப்போகும் நூலில் அந்த நிரப்பலை எழுதியே கொடுத்தார் என்று கொள்வதே பொருத்தம்.

செதுக்குபவரிடம் போன படி கிடைக்கவில்லையே, அலங்காரம் வேறொருவருடையதாக இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம், ஆனால் அப்படியானால் அந்த நான்கு பார்களும் சந்தேகத்துக்குரியவையே. இதைவிடக் கனமான தடை, உலோகத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கியவர்களின் கவனக்குறைவு. வளைகோடுகள் குறுகின, புள்ளியும் கீற்றும் கலந்தன, பலக்குறிகள் இடம் மாறின. இவற்றிலெல்லாம் கையெழுத்துப்படியையே நம்பலாம். ஆனால் கைதவறிய செதுக்கலில், சுருதிக்கூட்டோடு இசைந்து பார் பாராக நீளும் அலங்காரம் பிறக்காது. பாடபேதம் எந்த வகை என்று பார்த்துத்தான் சாட்சிக்கு எடை தர வேண்டும். அப்படிச் செய்தால் எக்காலத்திலும் இல்லாத ஒரு கலப்புப் பாடம் உருவாகும் என்பது நியாயமான அச்சம். அதற்காகவே இரண்டையும் ஒரே பக்கத்தில் தனித்தனி வரிகளாக அச்சிட வேண்டும். முதற்பதிப்பின் வடிவம் முழு அளவில் கீழே, எளிய வடிவம் சிற்றெழுத்தில் மேலே.