மனச்சோர்வும் யோகக் குழுவும்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் 21-ஆம் தேதி நெருங்கிவிட்டால் நமது தேசத்தில் யோகத்தைப் பற்றிய பேச்சுக்குக் குறைவிராது. 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை அத்தினத்தைச் சர்வதேச யோக தினமாகப் பிரகடனம் செய்தது. அடுத்த ஆண்டு டில்லியில், அப்பொழுது ராஜபாதை என வழங்கிய வீதியில், 35,985 பேர் ஒருங்கே கூடி ஆசனங்கள் செய்தனர். உலகம் நம்மை நோக்கியது, நாமும் மகிழ்ந்தோம். மகிழ்ந்தது தவறன்று. ஆயினும், அன்று அவ்வீதியில் நின்றோருள் ஒருவர் பல வாரங்களாக உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, உயிரையே பாரமாக எண்ணி வந்திருப்பாராயின், அவருடைய முகத்தைப் பார்த்தவர் யார்? ஒலிபெருக்கிக்குக் குரலுண்டு, கண்கள் இல்லை.

இக்கேள்வி வெறும் கற்பனையன்று. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் விஞ்ஞானக் கழகத்தார் 2015-16-ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் விசாரித்து வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோரில் சுமார் 20 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருக்கின்றனர். சோர்வு, பதற்றம் முதலிய பொதுவான மனோவியாதிகளால் வருந்துவோரில் 100-க்கு 85 பேர் வரை யாதொரு சிகிச்சையும் பெறவில்லை. காய்ச்சல் கண்டால் வைத்தியரைத் தேடி ஓடும் குடும்பம், மகன் மாதக் கணக்கில் சுவரைப் பார்த்துக் கொண்டிருந்தால் ‘சோம்பேறி’ என்று பெயரிட்டுவிடுகிறது. தேச சேவை செய்ய முன்வருவோர் கவனிக்க வேண்டிய துன்பம் இது.

இத்துன்பத்துக்கும் யோகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வினவுவோர் உளர். பதஞ்சலி முனிவர் தமது சூத்திரங்களில், சித்தம் சிதறுங்கால் துயரமும் மனத்தளர்ச்சியும் உடல் நடுக்கமும் ஒழுங்கற்ற மூச்சும் உடன் தோன்றும் என்று குறித்திருக்கிறார். மனம் வேறு, மூச்சு வேறு என்று அவர் பிரிக்கவில்லை. நமது திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆசனத்தையும் பிராணாயாமத்தையும் விரித்துரைத்தார். தற்காலத்தில் யோகேந்திரர் 1918-இல் பம்பாயிலும், சுவாமி குவலயானந்தர் 1924-இல் லோணாவலாவிலும் ஸ்தாபனங்கள் நிறுவி, இக்கலையைச் சரீர சாஸ்திர முறையில் ஆராயத் தலைப்பட்டனர். மைசூரில் கற்பித்துப் பின்னர் சென்னையில் நிலைத்த கிருஷ்ணமாசாரியார், ஆளுக்குத் தக்கபடி பயிற்சி அமைய வேண்டும் என்பதை ஆயுள் முழுவதும் வற்புறுத்தியவர். ஜவாஹர்லால் நேருவும் சிறைவாசத்தின்போது சிரசாசனம் பழகியதைத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சற்றே வேடிக்கையான அந்நிலை தம் மனத்துக்கு உற்சாகம் தந்தது என்பது அவர் கூற்று. (சோர்வுற்றோர் குழுவில் முதல் நாளே எவரையும் தலைகீழாக நிறுத்த வேண்டாம் என்று உடனே சொல்லி வைக்கிறோம்!)

மேனாட்டார் ஆராய்ச்சியும் இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. 2024-இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையொன்று 218 பரிசோதனைகளைத் தொகுத்து வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வைக் குறைப்பதில் நடைப்பயிற்சி, யோகம், பளுப்பயிற்சி ஆகியவை நற்பயன் தந்தனவாகக் காணப்பட்டன. ஆனால், சான்றுகள் பெரும்பாலும் உறுதி குறைந்தவை என்று அவ்வாராய்ச்சியாளரே ஒப்புக் கொண்டனர். நம்மவர் சிலர் முற்பகுதியை மட்டும் முழக்கிப் பிற்பகுதியை விழுங்கிவிடுகின்றனர். அது யோகத்துக்குச் செய்யும் உபகாரமன்று.

இனி, செய்ய வேண்டியது யாது? ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசிரியர் என்பது ஏழைத் தேசத்தில் இயலாது. ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது பயனற்றது. எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர் கொண்ட குழுவே தக்கது. அவ்வளவு பேருடைய முகத்தையும் மூச்சையும் ஒருவர் கவனிக்க இயலும்; அவர்களும் ஒருவரையொருவர் அறிந்து கொள்வர். சோர்வுற்றவனுடைய பெருந் துன்பம் தனிமை. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்குத் தன்னை எதிர்பார்த்துச் சிலர் அமர்ந்திருக்கின்றனர் என்னும் நினைவே அவனைப் படுக்கையிலிருந்து எழுப்புவதுண்டு.

விலையுயர்ந்த ரப்பர் விரிப்புகள் வேண்டா. ஒரு பவானி ஜமக்காளம் போதும். முழங்கால் மடங்காத முதியவருக்கு ஒரு நாற்காலி. நடத்துவோர் மேடைமேல் அமராமல் வட்டத்தில் ஒருவராக அமர்தல் நலம். முதல் நாளில் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, இரத்த அழுத்தம், இருதய நோய், கண்ணழுத்தம், வலிப்பு, கர்ப்பம், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். கேளாமல் கபாலபாதியும் பஸ்திரிகையும் செய்விப்பது ஆபத்து.

பயிற்சியின் தொடக்கம் குழுவின் அன்றைய நிலையைப் பொறுத்தது. உடல் கனத்துச் செயலற்றிருப்போரை எடுத்த எடுப்பிலேயே கண்மூடித் தியானத்தில் அமர்த்துவது பெரும் பிழை. அம்மௌனத்தில் அவர்கள் மனம் பழைய துயரத்தையே சுற்றிச் சுற்றி வரும். அவர்களை நிற்கச் செய்து, உள்மூச்சோடு கைகளை உயர்த்தவும் வெளிமூச்சோடு தாழ்த்தவும் சொல்லுக. உடல் அசைந்தால் மனமும் அசையும். பதற்றத்தால் துடிப்போருக்கோ முதலில் விரைவான அசைவு கொடுத்து, சிறிது சிறிதாக வேகத்தைத் தணித்து, வெளிமூச்சை நீட்டுவது முறை. மூச்சு உள்ளே செல்லும்போது இருதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளிவரும்போது தணிவதும் உடற்கூற்றின் இயல்பு. அவ்வியல்பையே இங்குப் பயன்படுத்துகிறோம். பின்னர் வண்டின் ரீங்காரம் போன்ற பிராமரி. பத்துப் பேர் ஒரு சிறு அறையில் ஒருசேர முரலும்போது எழும் நாதம், வெட்கத்தால் வாய் திறவாதவரையும் சேர்த்துக் கொள்ளும். இறுதியில் ஐந்து நிமிஷம் சவாசனம். மல்லாந்து படுக்க அஞ்சுவோர் ஒருக்களித்தோ அமர்ந்தோ இருக்கலாம்.

நடத்துவோரின் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நமது உபாத்தியாயர்களுக்குக் கட்டளையிடும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பிரம்பு கையில் இல்லாவிடினும் குரலில் இருக்கிறது. ‘கண்ணை மூடு’ என்பதற்கும் ‘விரும்பினால் கண்களை மூடிக் கொள்ளலாம்’ என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. தன் வாழ்வில் எதுவும் தன் வசத்தில் இல்லை என்று எண்ணி நொந்தவனுக்கு, ஒரு கையை உயர்த்துவதா வேண்டாவா என்பதையேனும் தானே தீர்மானிக்கும் உரிமை கிடைக்கட்டும். அனுமதியின்றி எவர் உடலையும் தொட்டுத் திருத்தலாகாது. பெண்கள் உள்ள குழுவில் இவ்விதி மீறப்படுமாயின் அக்குழுவைக் கலைத்துவிடலாம். தொடக்கத்திலும் முடிவிலும் மனநிலையைப் பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண்ணால் குறிக்கச் செய்து, எட்டு வாரங்கள் வரை அவ்வெண்களைப் பார்த்து வந்தால், பயன் உண்டா இல்லையா என்பது விளங்கும். வாராதவரை மறுநாள் விசாரிக்க வேண்டும். குழுவில் பேசியது குழுவுக்குள்ளேயே நிற்க வேண்டும்.

யோகாசிரியர் வைத்தியரல்லர் என்பதை அவர் ஒருகணமும் மறத்தலாகாது. ‘மருந்தை நிறுத்துங்கள், ஆசனம் போதும்’ என்று கூறுவோர் உயிரோடு விளையாடுகின்றனர். வைத்தியர் கூறாமல் ஒரு மாத்திரையும் குறையக்கூடாது. சாவதைப் பற்றிப் பேசுபவர் எவராயினும் அவரைத் தனியே விடாமல், அன்றே வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் தொடங்கிய ‘டெலிமானஸ்’ சேவையின் 14416 என்னும் தொலைபேசி எண் குழு கூடும் அறையின் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும்.

இதில் மதத்தைப் புகுத்துவோருக்கும் ஒன்று கூறுவோம். மந்திரம் சொல்ல விரும்புவோர் தத்தம் இல்லத்தில் சொல்லலாம். முஸ்லிம் நெசவாளியும் கிறிஸ்தவ மீனவரும் சேரித் தோழரும் தயக்கமின்றி வந்தமரக் கூடாத வட்டம் தேசிய வட்டம் ஆகாது. யோகம் நம்முடையது என்று பெருமை பேசும் நாம், நம்மவர் அனைவருக்கும் அதன் கதவைத் திறந்து வைத்தோமா?

எல்லாவற்றையும் சர்க்காரே செய்யட்டும் என்று கைகட்டி நிற்பதிலும் பயனில்லை. சர்க்காருக்குப் பொறுப்பே இல்லை என்பதும் பொருந்தாது. பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு ஊதியமும், ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரின் மேற்பார்வையும் கிடைக்கச் செய்வது சர்க்காரின் கடமை. இலவச சேவை என்னும் பெயரால் அவரைப் பட்டினி போட்டால் மூன்றாம் மாதம் வட்டம் கலைந்துவிடும். இடத்தைத் தருவது ஊராரின் வேலை. நூல்நிலையம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம், கட்சிக் காரியாலயம் ஆகியவற்றில் மாலையில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையேனும் இல்லாத ஊர் எது? நம் தொண்டர்கள் இவ்வாரமே அவ்வறையின் சாவி எவரிடம் இருக்கிறதென்று விசாரித்து, வாரத்துக்கு இரண்டு மாலை கேட்டுப் பெறுவாராக.