கறுவா எண்ணெயும் கோழிக்கூட்டு மருந்தும்: தடை மட்டும் போதுமா?

மருதமுனையில் வீட்டுப் பின்வளவில் புறொய்லர் கோழி வளர்க்கும் ஒரு ராத்தாவிடம், "கோழிக்கு வருத்தம் ஒண்டுமில்லையே, பிறகேன் தண்ணியில மருந்து?" என்று கேட்டேன். "கரைக்காட்டி செத்துருமெண்டு பயம் தம்பி. கடன் வாங்கிப் போட்ட குஞ்சு" என்றார்.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை, போரும் 2004 ஆழிப்பேரலையும் குடும்பச் சுமையை ஏற்றிவிட்ட பெண்கள் பலர். அவர்களில் சிலருக்குக் கோழிக்கூடே பிழைப்பு. அந்தப் பயத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனால் நோயில்லாத கோழிக்கு அன்ரிபயோடிக் கொடுக்கக் கொடுக்க, அதற்கு மசியாத பற்றீரியா தப்பிப் பெருகுகிறது. இறைச்சியோடும் எருவோடும் அது வெளியேறுகிறது. முஸ்லிம் ஊரின் கோழி எரு தமிழ் ஊரின் தோட்டத்துக்கும் போகும். நாளை எந்த ஊர்ப் பிள்ளைக்கும் ஆஸ்பத்திரி மருந்து பலிக்காமல் போகலாம். 2019இல் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இத்தகைய பற்றீரியாக்களால் நேரடியாக இறந்ததாக, 2022இல் லான்செற் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

மாற்றாகப் பேசப்படுபவை தாவர எண்ணெய்கள். ஓமத்தின் தைமோல், கராம்பிலும் கறுவா இலையிலும் உள்ள இயூஜினோல் போன்றவை பற்றீரியாவின் கலமென்சவ்வைச் சிதைக்கின்றன. கறுவா நம் நாட்டின் சொத்து. அதன் இலை எண்ணெயை ஏற்றுமதியும் செய்கிறோம்.

ஆனால் ஆய்வுகூடத்தில் கிருமியைக் கொல்லும் எண்ணெய், கோழியின் குடலிலும் அப்படியே கொல்லும் என்றில்லை. அது ஆவியாகும், தண்ணீரில் கரையாது, குடலின் மேற்பகுதியிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். அதனால்தான் உறையிட்ட துகளாகத் தீனில் சேர்க்கிறார்கள். அளவு மீறினால் கோழி தீன் எடுக்காது. ராணிக்கெற், கம்போறோ போன்ற வைரசு நோய்களுக்குத் தடுப்பூசியின் இடத்தை அது பிடிக்காது. உலர்ந்த உமி, காற்றோட்டம், சுத்தமான தண்ணீர், தடுப்பூசி ஆகியவையே அடித்தளம். எண்ணெய் துணை மட்டுமே.

வளர்ச்சிக்காக அன்ரிபயோடிக் கொடுப்பதை சுவீடன் 1986இல் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அது நடைமுறைக்கு வர 2006 ஜனவரி 1 வரை சென்றது. நாமோ 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தி, நவம்பரில் பின்வாங்கினோம். வயலில் பசளையின்றி நின்ற அம்பாறை விவசாயி அதை மறக்கவில்லை.

கோழிக்கூட்டிலும் அதே தவறு நடக்கக்கூடாது. தடுப்பூசிக் குப்பி பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு உரியது. திறந்தால் சில மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஐம்பது கோழி வைத்திருப்பவர் என்ன செய்வார்? நாலைந்து வளவுகளைச் சேர்த்து ஒரே நாளில் ஊசி போடவும், மிருக வைத்தியர் கூட்டடிக்கு வரவும் அரசு வழிசெய்யட்டும். கறுவா எண்ணெயின் சரியான அளவை நம் பல்கலைக்கழகங்கள் இங்குள்ள பண்ணைகளிலேயே சோதித்துச் சொல்லட்டும்.

ராத்தாவின் பயம் தீர்ந்தால் மருந்துப் போத்தல் தானாகவே கீழே வைக்கப்படும். பயத்தை அப்படியே விட்டுப் போத்தலை மட்டும் பறித்தால், அது களவாகத் திரும்பி வரும்.