முதல் ரேங்க் யாருக்கு?

இன்று கொஞ்சம் புதிய விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓயாசிஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் அண்ணன் தம்பி நோயலும் லியாமும் பதினாறு வருடம் கழித்து 2025 ஜூலையில் ஒரே மேடையில் ஏறியதை என் பேரன் கைபேசியில் காட்டினான். காட்டிவிட்டு, "தாத்தா, இவங்க பெரிசா, ப்ளர் பெரிசா?" என்று கேட்டான். பாட்டு எனக்குப் பாதிதான் புரிந்தது. கேள்வி முழுதாகப் புரிந்தது. தேடிப் படித்தேன்.

1995 ஆகஸ்ட் 14. ப்ளர், ஓயாசிஸ் இரண்டு குழுவும் ஒரே நாளில் ஆளுக்கொரு பாட்டை வெளியிட்டன. நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் பத்திரிகை இதைக் குத்துச்சண்டைப் போட்டி போல அட்டைப்படமாகவே போட்டது. தொலைக்காட்சிச் செய்தி வரைக்கும் போனது. வடக்கா தெற்கா, தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளா நடுத்தர வீட்டுப் பிள்ளைகளா என்று நாட்டையே இரண்டாகப் பிரித்துப் பேசினார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அங்கே கூத்தாடிகளை ரெண்டாக்கி ஊர் கொண்டாடியது.

முடிவு? ப்ளர் சுமார் 2,74,000. ஓயாசிஸ் சுமார் 2,16,000. ப்ளர் முதல் ரேங்க். ஆனால் ப்ளர் தன் பாட்டை இரண்டு விதமான சிடியாக விற்றது. ரசிகர்கள் இரண்டையும் வாங்கினார்கள். அப்படியானால் இந்த எண் எதை அளந்தது?

அடுத்து வந்த ஆல்பங்களில் ப்ளரின் ஆல்பத்தை விமர்சகர்கள் தூக்கி வைத்தார்கள். ஓயாசிஸ் ஆல்பத்தைப் பலர் பெரிதாக மதிக்கவில்லை. அதுவோ உலகம் முழுக்க இரண்டு கோடிக்கும் மேல் விற்றது. அதனால் 1997இல் ஓயாசிஸின் அடுத்த ஆல்பம் வந்ததும் ஆகா ஓகோ என்று எழுதினார்கள். கொஞ்ச நாளில் அதே ஆல்பத்தை வீண் ஆடம்பரம் என்றார்கள். பக்கத்து வாத்தியார் போட்ட மார்க்கைப் பார்த்து விடைத்தாள் திருத்திய கதைதான்.

பாடகர்களும் சும்மா இருக்கவில்லை. ப்ளர் குழுவில் இருவருக்கு எய்ட்ஸ் வரட்டும் என்று நோயல் ஒரு பேட்டியில் சொன்னார். பிறகு மன்னிப்புக் கேட்டார். சொன்னது அவர் தவறு. ஆனால் அப்படிப்பட்ட வார்த்தைக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு ஒரு கூட்டம் காத்திருந்ததே, அதை என்ன சொல்வது?

இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி? நானும் இதைச் செய்தவன்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பையன்கள், அடுத்தடுத்த வீடு. ஒவ்வொரு மாதத் தேர்விலும் இருவர் மார்க்கையும் வகுப்பில் சேர்த்துப் படித்து, "இந்த மாசம் இவன் ஜெயிச்சுட்டான்" என்பேன். வகுப்பு கைதட்டும். போட்டி இருந்தால் படிப்பார்கள் என்று நம்பினேன். வருடக் கடைசியில் இருவரும் பெஞ்ச் மாறியிருந்தார்கள். பல வருடம் கழித்து அதில் ஒருவன் பஸ் ஸ்டாண்டில் பார்த்துச் சொன்னான்: "சார், பத்தாவது முடியிற வரைக்கும் நாங்க பேசிக்கவே இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

2013இல் நோயலும் ப்ளரின் டேமன் ஆல்பர்னும் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், புற்றுநோயால் பாதிக்கப்பட்ட இளம் வயதினருக்கான நிகழ்ச்சியில் சேர்ந்து பாடினார்கள். 2017இல் டேமனின் இன்னொரு குழுவான கொரில்லாஸின் பாட்டில் நோயல் குரல் கொடுத்தார். குத்துச்சண்டை அட்டை போட்ட பத்திரிகையோ 2018இல் வாராந்திர அச்சு இதழை நிறுத்தியது.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டி ஆடுகிறவர்களுக்குள் இருக்கட்டும். வேடிக்கை பார்க்கிறவன் அதில் சம்பாதிக்கக் கூடாது. வாத்தியாரும் கூடாது.

பேரனிடம் சொன்னேன்: "ரெண்டையும் போடுடா, கேட்போம்."

உங்கள் வகுப்பில் உங்களை யாரோடு ஒப்பிட்டார்கள்? அவரோடு இப்போது பேசுகிறீர்களா? எழுதுங்கள்.